என்னை ‘நீ’ என்ற குரல்

இல்லை சிட்டு, கோபத்தில் போனை வைக்கவில்லை. ‘அம்மாவுக்கு என்மேல கோபமா’ என்று நீ சித்தியிடம் கேட்டாயாம். அவள் மாடியேறி வந்து, வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே, அதை என்னிடம் கேட்டாள். என்னைப் பற்றிய கேள்விகூட என் தங்கை வழியாகத்தான் எனக்கு வந்து சேர்கிறது. பதிலையும் அவளிடமே கொடுத்தனுப்பிவிடலாம். மாட்டேன் என்று உட்கார்ந்து எழுதுகிறேன். நீ சுகம் என்று தெரியும். இருமல் விட்டுவிட்டது, புது அறைக்கு ஜன்னல் இரண்டு, நீ செயற்கைப் பல் செய்கிற லேபில் உன் மேஜையை வெளிச்சத்துப் பக்கம் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், எல்லாம் தெரியும், எல்லாம் அவள் சொன்னதுதான். நானும் சுகம். முழங்கால் மட்டும் என்னோடு குடியிருக்கும் இன்னொரு ஆள் மாதிரி தனியாக முனகிக்கொண்டிருக்கிறது. அவளும் சுகம். அவளுக்கென்ன குறைச்சல்.

செவ்வாய்க்கிழமை நடந்ததை அவள் உனக்குச் சொல்லியிருப்பாள். அக்கா ஏமாறப் பார்த்தாள், நான் ஓடிப்போய்த் தடுத்தேன் என்று. தப்பில்லை, அப்படித்தான் நடந்தது. ஆனால் அவள் வருவதற்கு முன்னால் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. என் உள்ளே நடந்தது. அதை எழுதினால்தான் நான் ஏன் போனை வைத்தேன் என்று உனக்கு விளங்கும். எனக்கும் விளங்கலாம்.

முதலில் அந்த வீடியோ. போன மாதம் மெழுகில் ஒரு முன்பல்லைச் பேசிக்கொண்டே செதுக்கிக் காட்டி நெட்டில் போட்டாயே, ஆறு நிமிடம், அது. சித்தி கீழே தன் தையல் கடையில் மெஷினை நிறுத்திவிட்டு, வந்தவர்களுக்கெல்லாம் காட்டினாள். அளவு கொடுக்க வந்தவர்கள் பல்லைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் மேலே என் போனில் தனியாகப் பார்த்தேன். பல்லைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தேன். கத்தியைப் பிடித்திருந்த கட்டைவிரல் என்னுடையது, அதே வளைவு, அதே தட்டையான நகம். இதை யாரும் சொல்லவில்லை. வீடியோவின் கீழே சித்தி எழுதியிருந்தாள், ‘என் தங்கமே, என்ன அழகா செய்யறே.’ அதற்கு நீ எழுதியிருந்தாய், ‘நீதான் சித்தி என் முதல் ரசிகை, உன் மேஜைக்கடியில உக்காந்துதானே எல்லாம் கத்துக்கிட்டேன்.’ அதை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்லமாட்டேன். வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில் நானும் எழுதினேன். ஒரு மணி நேரம் ஆயிற்று, எழுதி எழுதி அழித்து, கடைசியில் நின்றது இவ்வளவுதான்: ‘இது என் மகள். நான் இவளுடைய அம்மா. சிட்டு, நேரம் இருந்தால் பேசு.’ அதன் கீழே என் போன் எண். எண் எதற்கு என்று கேட்காதே. உன்னிடம் அது இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா. எண்ணையும் போட்டால் அம்மா என்பது உறுதியாகிவிடும் என்று தோன்றியது, தபாலில் முத்திரை குத்துகிற மாதிரி. பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், யார் யாருக்கு என்ன உறவு என்று. நீ ஒரு இதயம் போட்டாய். சித்திக்கு முழு வரி. எனக்கு ஒரு இதயம். நாற்பது பேர்கூடப் பார்க்காத வீடியோ சிட்டு. அதில் ஒருத்தன் திருடன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை இருக்கும். பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தெரியாத எண். எடுத்தேன். ‘அம்மா’ என்றது. உன் குரல். உன் குரல் மாதிரி என்று எழுதினால் எனக்குக் கௌரவம். ஆனால் அது உன் குரல். பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் கொஞ்சம் மூச்சை உள்ளே இழுப்பாயே, அதுகூட இருந்தது. ‘அம்மா, நான்தான். நீ பயப்படாதே. நீ முதல்ல உக்காரு.’ உட்கார்ந்தேன். ஈரத்துணி மடியில். வாடகைக்குக் கார் எடுத்துக்கொண்டு போனாயாம், குறுக்கே வந்த ஒரு பெண்மணியை இடித்துவிட்டாயாம், அவர் ஆஸ்பத்திரியில், நீ காவல் நிலையத்தில், உன் போனைப் பிடுங்கி வைத்துவிட்டார்கள், இது வக்கீலின் போன், மதியத்துக்குள் பணம் கட்டாவிட்டால் உள்ளே வைத்துவிடுவார்கள். உனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கற்றுக்கொண்டிருப்பாய், சித்தியிடம் சொல்லியிருப்பாய், என்னிடம் சொல்ல விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதவை அத்தனை இருக்கின்றன, எந்தப் பொய் வந்தாலும் உட்கார அங்கே இடம் இருந்தது.

அழுதுகொண்டே அது சொன்னது, ‘நீ யாருகிட்டயும் சொல்லாதே. சித்திகிட்டகூடச் சொல்லாதே. உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா.’ இந்த இடத்தில் நான் மழுப்பாமல் எழுத வேண்டும். பயம் இருந்தது. ஆனால் பயத்துக்கு அடியில் வேறொன்று இருந்தது. குளுகுளு என்று. சித்திகிட்டகூடச் சொல்லாதே. முப்பத்தாறு வருடத்தில் முதல்முறையாக உனக்கும் எனக்கும் நடுவில் ஒரு ரகசியம், அதில் அவள் இல்லை. என் மகளை உள்ளே வைக்கப்போகிறார்கள் என்கிறார்கள், எனக்குக் காது இனிக்கிறது. என்ன பிறவி நான்.

அப்புறம் அந்த ‘நீ.’ நாலு நிமிடப் பேச்சில் பதினொரு தடவை. நான் எண்ணினேன். எண்ணவேண்டும் என்று எண்ணவில்லை, எண்ணிக்கை தானாக ஓடியது.

உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், வெளியூர் லைன் போட்டுக் கொடுக்கும் டிரங்க் போர்டில் இருந்தபோது ஊழியர்களுக்குச் சொந்தமாக போன் வரக்கூடாது. சூப்பர்வைசர் எந்த லைனிலும் எந்த நேரத்திலும் நுழைந்து கேட்பார். நீ பள்ளி விட்டு வந்ததும் மருந்துக்கடையில் ஸ்டூல்மேல் ஏறி நின்று எனக்கு போன் பண்ணுவாய். அதனால் சொல்லிக்கொடுத்தேன். அம்மா என்று சொல்லாதே, நீ என்று சொல்லாதே, வெளி ஆள் மாதிரிப் பேசு. ‘வணக்கம் மேடம், நீங்க எத்தனை மணிக்கு லைன் கொடுப்பீங்க’ என்று கேட்பாய். ‘ஏழு மணிக்குக் கிடைக்கும், காத்திருங்கள்’ என்பேன். ஏழு மணிக்கு வீட்டுக்கு வருவேன் என்று அர்த்தம். ஒருநாள் சூப்பர்வைசர் நடுவில் புகுந்து, ‘அந்தச் சின்ன மேடத்துக்கு இன்னிக்கு ஆறுக்கே லைன் கொடுத்துடுங்க’ என்றார். போர்டு முழுக்கச் சிரிப்பு. அன்றைக்கு ஆறு மணிக்கே வந்தேன். நீ சித்தியின் தையல் மேஜைக்கடியில் துண்டுத்துணிகளுக்கு நடுவில் தூங்கிப்போயிருந்தாய்.

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. வீட்டிலும் நீங்க என்றாய், சிரித்தோம். பிறகு சிரிக்காமல் நீங்க என்றாய். பிறகு அது அப்படியே இறுகிவிட்டது. சித்திக்கு நீ. தெருப்பூனைக்கு நீ. எனக்கு மட்டும் நீங்க. பக்கத்து வீட்டுக்காரி, ‘எவ்வளவு மரியாதையான பொண்ணு, எப்படி வளத்திருக்கீங்க’ என்றாள். நானும் பெருமைப்பட்டேன். எதற்கும் உதவாத பெருமை. நீ கீழே இருந்து ‘ஏ சித்தி, நீ இங்க வாயேன்’ என்று கத்தும்போதெல்லாம் அவள் என்னை ஓரக்கண்ணால் ஒருதரம் பார்ப்பாள். இல்லை, பார்க்கமாட்டாள். பார்க்கிறாளா என்று நான்தான் பார்ப்பேன். என்னையும் அப்படிக் கூப்பிடு என்று உன்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டு வாங்கினால் அது நீ ஆகாது.

ஆகவே அந்தக் குரல் ‘நீ பயப்படாதே’ என்றபோது இது தப்பாயிற்றே என்று எனக்குத் தோன்றவில்லை. அப்பாடா என்று தோன்றியது. ஆபத்து வந்ததும் மரியாதையெல்லாம் கழன்று விழுந்துவிட்டது, உள்ளே இருந்த பெண் வெளியே வந்துவிட்டாள். இப்படி நினைத்தேன். அதுவே பொய்க்கு அடையாளம். அதையே நான் அன்புக்கு அடையாளமாக எடுத்துக்கொண்டேன்.

காது சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இருபத்தெட்டு வருடம் பிறர் பேச்சைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். எந்த லைனிலும் குரலுக்குப் பின்னால் ஓர் அறை இருக்கும், மின்விசிறி, பாத்திரம், யாரோ இருமுவது, ஒன்றுமில்லாவிட்டால் ஒன்றுமில்லாததன் சத்தம். இந்தக் குரலுக்குப் பின்னால் அறையே இல்லை. காவல் நிலையம் என்கிறது, ஒரு நாற்காலி நகரும் சத்தம் இல்லை. கேட்டேன். கேட்டுவிட்டு, சும்மா இரு என்று காதை அதட்டினேன். இன்னொன்று. அந்தக் காலத்தில் வெளியூருக்கு லைன் கேட்டு யார் கூப்பிட்டாலும் உடனே கொடுக்கமாட்டோம். வைத்துவிட்டு, அவர் சொன்ன எண்ணுக்கு நாங்கள் திருப்பி அடிப்போம். அவர் வீட்டில் மணி அடித்து அவரே எடுத்தால்தான் அவர் அவர். ஊர்பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் ஒரு நாளைக்கு இருநூறு தடவை செய்ததை எனக்கு ஒரே ஒரு தடவை செய்துகொள்ளவில்லை. ஏன் என்றால், வைத்தால் அந்தக் குரல் போய்விடும்.

பிறகு வக்கீல் என்று ஒருத்தன் வந்தான். எந்தக் கணக்குக்கு அனுப்ப வேண்டும், வங்கியில் கேட்டால் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, பழுதுபார்க்க என்று சொல்லுங்கள் என்றான். மிகவும் மரியாதையாக நீங்க நீங்க என்றான். எனக்கு அவனைப் பிடிக்கவில்லை. உன்னிடம் மறுபடி போனைக் கொடுக்கச் சொன்னேன். ‘பொண்ணு அழுதுட்டிருக்கும்மா, நீங்க சீக்கிரம் போங்க’ என்றான்.

வங்கிக்குப் போக மாடியிறங்கினால் வாசலிலேயே சித்தியின் கடை. தாண்டாமல் போக முடியாது. கத்தரியோடு நிமிர்ந்து, ‘எங்க அக்கா இந்த வெயில்ல, குடைகூட இல்லாம’ என்றாள். ஒன்றுமில்லை என்றேன். அந்த ஒன்றுமில்லையை நான் சொன்ன விதம் இருக்கிறதே, வாய்க்குள் மிட்டாயை வைத்துக்கொண்டு உதட்டை மூடிக் காட்டும் குழந்தை மாதிரி. ‘என்னமோ இருக்கு’ என்றாள். ‘இருந்தா என்னடி, எல்லாத்தையும் உன்கிட்ட ஒப்பிக்கணுமா’ என்றேன். ‘அம்மாடி, ஒப்பிக்க வேண்டாம் தாயே, வர்றப்ப வெள்ளை நூல்கண்டு ரெண்டு வாங்கிட்டு வா’ என்றாள். நடந்தேன். முழங்கால் வலிக்கவே இல்லை. அதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கவுன்டரில் இருந்த பெண்ணுக்கு உன் வயசுதான் இருக்கும். இருந்த சேமிப்பு முழுவதையும் எடுத்து அனுப்ப வேண்டும் என்று படிவத்தை நீட்டினேன். ‘எதுக்கும்மா இவ்வளவும்’ என்றாள். கூரை என்றேன். ‘யாராவது போன் பண்ணி அனுப்பச் சொன்னாங்களா?’ இல்லை. ‘யாருகிட்டயும் சொல்ல வேணாம்னாங்களா?’ இல்லை. ஊரார் ரகசியத்தைக் கேட்டு வாய் திறக்காமல் பென்ஷன் வாங்கியவள், எனக்குப் பொய் சொல்ல ஒரு சிரமமும் இருக்கவில்லை. அவள் படிவத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘கூரை ஒழுகுதுன்னு பணம் எடுக்க வர்றவங்க யாரும் இவ்வளவு சந்தோஷமா இருந்து நான் பாத்ததில்லைம்மா’ என்றாள். ‘பத்து நிமிஷம் உக்காருங்க. வயசானவங்களுக்கு இங்க ஒரு ஏற்பாடு இருக்கு. நம்பிக்கையானவர்னு நீங்க ஒருத்தர் பேரு கொடுத்திருக்கீங்க, அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறோம்.’ மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு தாளில் அப்படி ஒரு கட்டம் இருந்தது. உன் பெயரை எழுதத்தான் பேனாவை வைத்தேன். பக்கத்திலேயே இருக்கிற ஆளாக வேண்டும் என்றார்கள். யார் பெயரை எழுதியிருப்பேன் என்று உனக்கே தெரியும்.

ஐந்தே நிமிடத்தில் வந்துவிட்டாள். கழுத்தில் அளவு டேப், காலில் செருப்பு இல்லை. ‘என்ன அக்கா, கூரை ஒழுகுதாமே, நமக்கு மேல இன்னொரு மாடி இருக்கே, அவங்க குளிக்கிற தண்ணியா ஒழுகுது’ என்றாள். கவுன்டர் பெண் தலையைக் குனிந்துகொண்டாள், சிரிப்பை மறைக்க. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ‘உனக்கு இதுல என்ன வேலை, நேரமாகுது, குழந்தை காத்துட்டிருக்கா’ என்றேன். ‘எந்தக் குழந்தை?’ என்று என் பையைப் பிடித்தாள். இழுத்தேன். அவளும் இழுத்தாள். அப்போதுதான் வாய் திறந்துகொண்டது. பயத்தில் இல்லை சிட்டு. உன்மேல் அக்கறையிலும் இல்லை. அவளைத் தோற்கடிக்கத்தான். ‘என் பொண்ணுடி. என்கிட்டதான் கேட்டா, உன்கிட்ட கேக்கலை. உன்கிட்ட சொல்லவே கூடாதுன்னு சொன்னா. உன்னை விட்டா யாருமில்லைன்னு என்கிட்ட அழுதா. நீ, நீன்னு பேசினாடி என்கிட்ட, நல்லா கேட்டுக்கோ, நீன்னு.’ வங்கி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டோக்கன் எண்ணை அறிவிக்கும் இயந்திரக் குரல் மட்டும் தன்பாட்டுக்கு எண் சொல்லிக்கொண்டிருந்தது.

அவள் பையை விட்டுவிட்டாள். ‘திருப்பிச் சொல்லு’ என்றாள். சொன்னேன். ‘உன்னையா? நீன்னா?’ ஆமாம் என்றேன், தலையை நிமிர்த்தி. ‘அப்படின்னா அது அவ இல்லை அக்கா.’

மெதுவாகத்தான் சொன்னாள். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். ‘கழுத்துல கத்தி வச்சாலும் அவ உன்னை நீங்கன்னுதான் சொல்லுவா. உனக்குத் தெரியாதா.’ தெரியும். அங்கே, அந்த பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவில், ஒரு நொடியில் எல்லாம் தெரிந்துவிட்டது, கார், அறையில்லாத குரல், கூரை, எல்லாம். அந்தப் பணம் தப்பியது அவள் சொன்ன ஒரு வார்த்தையால்தான். அது போயிருந்தால் வாடகைக்கும் மருந்துக்கும் உன் கையையோ அவள் கையையோ பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன். நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அந்த நொடியில் அவளை ஓர் அறை விடலாம் போலிருந்தது. என் மகள் என்னை எப்படிக் கூப்பிடுவாள், எப்படிக் கூப்பிடமாட்டாள் என்று அவள் சான்றிதழ் கொடுக்கிறாள். அது சரியாக வேறு இருக்கிறது.

அவள் தன் போனில் ஸ்பீக்கர் போட்டு உன்னைக் கூப்பிட்டாள். நீ இரண்டாவது மணியில் எடுத்தாய். ‘சொல்லு சித்தி, கையெல்லாம் பல் மாவு’ என்றாய். பின்னால் ஏதோ அரைக்கிற இயந்திரம், தண்ணீர், யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். ஓர் அறை இருந்தது. போனை என்னிடம் கொடுத்தாள். ‘அம்மா? என்னாச்சும்மா? நீங்க நல்லா இருக்கீங்களா?’ என்றாய். அதற்குத்தான் வைத்தேன். நீ பத்திரமாக இருக்கிறாய் என்பதும் அதில் இருந்தது. இன்னொன்றும் இருந்தது. இரண்டும் ஒரே வார்த்தையில் வந்து சேர்ந்தன. தாங்க முடியவில்லை, வைத்துவிட்டேன். கோபமில்லை.

வீட்டுக்கு வருகிற வழியில் சித்தி என் போனை வாங்கி, வீடியோவின் கீழே நான் எழுதியதை அழித்தாள். அழிக்கும்போது அவளே கண்டுபிடித்தாள். ‘இங்க பாரு, வீடியோவுல அவ பேசினதை வச்சுக் குரலைக் கம்ப்யூட்டர்ல செஞ்சிருக்கான். என்கிட்ட அவ நீன்னு எழுதியிருக்கால்ல, அதைப் பாத்துட்டுத்தான் உன்கிட்டயும் நீன்னு பேசியிருக்கான்’ என்றாள். கெட்டிக்காரிதான். அவளுக்கு அது துப்பு. எனக்கு வேறு. திருடன் கொடுத்த நீகூட என்னுடையது இல்லை என்று ஆகிவிட்டது. அவளுக்கு நீ எழுதியதிலிருந்து எடுத்து எனக்குப் போட்டிருக்கிறான்.

அன்று பிற்பகலே புகார் கொடுக்கப் போனோம். கவுன்டர் பெண்தான் வற்புறுத்தினாள், வாரத்துக்கு ரெண்டு பேராவது இப்படி வர்றாங்க, வெட்கப்பட்டு யாரும் சொல்றதில்லை, அடுத்த ஆள் மாட்டிக்கிறாங்க என்று. எழுதிக்கொண்ட காவலர், குரலில் என்ன வித்தியாசம் தெரிந்தது என்று கேட்டார். என்னை நீ என்று சொல்லிற்று என்றேன். பேனாவை நிறுத்திவிட்டு, ‘ஏன்மா, அம்மாவை எல்லாரும் நீன்னுதானே சொல்வோம்’ என்றார். சித்திதான் சொன்னாள், ‘எங்க வீட்டுல அப்படி இல்லைங்க’ என்று. எங்க வீட்டுல. அவளுக்கு மூன்று நாளாகக் கடையில் இதே பேச்சு. பித்தான் தைக்க வந்தவர்களுக்குக்கூடக் கதை உண்டு. எக்ஸ்சேஞ்சில இருந்தவ அக்கா, குரலை வச்சே ஆளைச் சொல்லிடுவா, அவளையே ஏமாத்திட்டான் பாரு என்கிறாள். என்னைப் புகழ்கிறாளாம். மறுநாள் வங்கிக்குப் போய், அந்த நம்பிக்கையானவர் தாளில் பெயரை மாற்ற வேண்டும் என்று கேட்டேன். கொடுத்தார்கள். அவள் பெயரை அடித்துவிட்டு யார் பெயரை எழுதுவது என்று பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். செருப்பில்லாமல் ஓடி வருகிற ஆள் வேறு யாரும் ஞாபகத்துக்கு வரவில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதற்காக வயிறு எரியாமல் இல்லை. எரிந்துகொண்டேதான் திருப்பிக் கொடுத்தேன்.

ஒன்று யோசித்தேன். அவன் என் காதை ஏமாற்றவில்லை. காது ஒழுங்காகத்தான் வேலை செய்தது. வயசானவர்களுக்கு போன் பிடிக்கத் தெரியாது, புரியாது, மறதி என்று பேசிக்கொள்கிறார்கள். எனக்கு எல்லாம் தெரிந்தது. எனக்கு என்ன வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். அல்லது அதுகூட அவனுக்குத் தெரியாது. தெரியாமல் கை வைத்த இடத்தில் கதவு திறந்திருந்தது. அவனுக்கு என்னோடு பேச நாலு நிமிடம் இருந்தது. நீ போன ஞாயிற்றுக்கிழமை என்னோடு பேசியது இரண்டரை. குறையாகச் சொல்லவில்லை. சொல்கிறேன்தான்.

இனிமேல் நீ எப்போது கூப்பிட்டாலும் நான் ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிட்டு உன் எண்ணுக்குத் திருப்பி அடிப்பேன். மனசு கஷ்டப்படாதே. பழைய வழக்கம். நீயும் அப்படியே செய். என் குரலில் யாராவது பணம் கேட்டாலும், ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன் என்று அழுதாலும், வை, திருப்பி அடி. நான் எடுக்காவிட்டால் சித்திக்கு அடி. பாஸ்வேர்டு, நம்பர் எதையும் போனில் யாருக்கும் சொல்லமாட்டேன், வங்கி என்று சொல்லிக்கொண்டு வந்தாலும் நேரில் போய்க் கேட்பேன். பல்லை அரைக்கும்போது முகமூடி போட்டுக்கொள், வீடியோவில் நீ போடவில்லை, அந்த மாவு நெஞ்சில் போய் உட்காரும், இருமல் அதிலிருந்துதான் வந்திருக்கும். இரண்டு ஜன்னல் இருப்பதற்காக இரண்டையும் திறந்துவைத்துத் தூங்காதே. கார் ஓட்டக் கற்றுக்கொண்டால் முதலில் எனக்குச் சொல்.

இந்தக் கடிதத்தைப் பற்றிச் சித்தியிடம் சொல்லாதே. இந்த வரியை எழுதியதும் பேனாவை வைத்துவிட்டேன். வங்கியில் ஒரு துண்டுத்தாள் கொடுத்தார்கள். அதில் தடித்த எழுத்தில் இருப்பது ஒன்றுதான். வீட்டாரிடம் சொல்லாதே என்று யார் சொன்னாலும் அவரை நம்பாதே. அவனைப் பிடிக்க எழுதிய வரி. என்னையும் பிடித்துவிட்டது. அந்த வரியை அடித்துவிடு, அல்லது அடிக்காமல் படி, எப்படியும் நான் அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நமக்குள் ஒரு ரகசியம் இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் போகவில்லை. ஆனால் அந்த ஆசையின் பின்வாசலில் அவன் மறுபடி வந்து நிற்பான்.

இதைப் படித்துவிட்டு இரக்கப்பட்டு என்னை நீ என்று கூப்பிட ஆரம்பித்துவிடாதே. போனில் உன் வாயிலிருந்து அது வந்தால் பயந்துபோவேன், சத்தியமாக வைத்துவிடுவேன். போனில் நீங்கதான், எப்போதும். ஆனால் விடுமுறைக்கு வரும்போது, கதவைத் திறந்ததும், பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்னால், என் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு தடவை சொல்லிப் பார். யாரும் இல்லாதபோது. சரி, சித்தி இருந்தால் இருக்கட்டும். வாயில் வராவிட்டால் விட்டுவிடு, நான் ஒன்றும் நினைத்துக்கொள்ளமாட்டேன். நினைத்துக்கொள்வேன், ஆனால் சொல்லமாட்டேன்.

உன் கை நடுங்காமல் இருக்கட்டும். நீ செய்கிற ஒவ்வொரு பல்லும் யாரோ ஒருவர் வாயில் நன்றாகச் சிரிக்கட்டும். உடம்பைப் பார்த்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை பேசு, மூன்று நிமிடமாவது, நான் வைத்துவிட்டுத் திருப்பி அடிக்கும் நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல்.

இப்படிக்கு,
உன்னை நீ என்றே அழைக்கும்
அம்மா

எழுதி முடித்ததும் உறையை ஒட்டாமல் கடிதத்தைக் கீழே கடைக்கு எடுத்துப்போய், தங்கையிடம் படிக்கக் கொடுத்தேன்.